தட்டு வாங்கினால் கேஸ் முடிந்துவிடுமா?

இதை எழுதாமலே விட்டிருப்பேன். பினாங்கு போய்வந்தவர்கள் எல்லாரும் கடலையும் கோயிலையும் படம் பிடித்துப் போட்டாகிவிட்டது. நானோ செராமிக் டிப்ளமோவை இரண்டாம் வருடத்தில் பாதியில் விட்டுவிட்டு, விருத்தாசலத்தில் ஃப்யூஸ் கட்டை செய்கிற பட்டறையில் சூளைக்கு முன்னால் நிற்கிறவன். நான் எழுதி யார் படிக்கப் போகிறார்கள் என்று சும்மா இருந்தேன். ஆனால் வந்த நாளிலிருந்து வயிறு எரிகிறது. ரெண்டு மாத்திரை போட்டும் அடங்கவில்லை. அதனால் எழுதுகிறேன். சாப்பாட்டைப் பற்றியும் எழுதுவேன், பயப்பட வேண்டாம்.

போனது ஊர் சுற்ற இல்லை. என் அக்கா செல்வராணிக்குத் துணையாகப் போனேன். குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்கள் பல நாட்டிலிருந்து வந்து பேசுகிற கூட்டம் அது. கடலூரில் ஒரு பெண்கள் குழு அக்காவின் கதையை எழுதி வாங்கி அனுப்பியிருந்தது. "ஒரு பாதிக்கப்பட்டவரும் ஒரு துணையும் வரலாம்" என்று பதில் வந்தது. அக்கா வீட்டுக்காரர், என் மாமாவுக்குக் கரும்பு வெட்டு சமயம். பெண்ணாடம் பக்கம் டிராக்டர் ஓட்டுகிறவர், நகர முடியாது. "இவன அனுப்பு, இங்க இருந்தா மட்டும் என்னா கிழிக்கிறான்" என்று மாமாதான் என் பெயரைச் சொன்னார். உலகத்திலேயே திட்டு வாங்கி விமானம் ஏறியவன் நான் ஒருத்தன்தான்.

அக்காவுக்கு நடந்தது இதுதான். பதினோரு மாதத்துக்கு முன்னால், பட்டறை வேலை முடிந்து சாயங்காலம் நடந்து வந்தாள். பைக்கில் ரெண்டு பேர். பின்னால் உட்கார்ந்திருந்தவன் தாலிச் சங்கிலியைப் பிடித்து இழுத்தான். அக்கா விடவில்லை. அவனும் விடவில்லை. பைக்கும் நிற்கவில்லை. ரோட்டோடு இழுத்துக்கொண்டு போய்ப் போட்டார்கள். தோள்பட்டை எலும்பு உடைந்தது. இன்றைக்கும் வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாது. சூளை வண்டியில் மேல் தட்டில் சரக்கு அடுக்கியவள் இப்போது ஓரமாக உட்கார்ந்து ஈரப் பஞ்சால் கட்டை துடைக்கிறாள்.

ரெண்டு பேரையும் பிடித்துவிட்டார்கள், சங்கிலியும் கிடைத்தது. அது இப்போது அரசாங்கத்திடம் பத்திரமாக இருக்கிறது. அக்கா கழுத்தில் மஞ்சள் கயிறு இருக்கிறது.

முதல் நாள், பினாங்கில் இறங்கியதும் அக்காவின் பையைத் திறக்கச் சொன்னார்கள். உள்ளே புளிச்சோறு, பருப்புப் பொடி, எலுமிச்சை ஊறுகாய், எஃப்.ஐ.ஆர் நகல், ஆஸ்பத்திரி சீட்டு, தோள்பட்டை எக்ஸ்ரே. அந்த அதிகாரி எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். மலாயில் ஏதோ சொன்னார். பக்கத்தில் நின்ற தமிழ்க்காரர் மொழிபெயர்த்தார்: "இப்போ வலி இருக்குதான்னு கேக்கிறாரு."

அக்கா என்னைப் பார்த்தாள். "டேய் மணி, நம்மூர்ல எவனாவது இத கேட்டானாடா?"

கேட்டார்கள். "சாயங்காலத்துல செயின் போட்டுக்கினு தனியா ஏன் வந்த?" என்று கேட்டார்கள். ஒரு ஸ்டேஷன், பெயர் வேண்டாம். அதைத்தான் முதலில் கேட்டார்கள்.

வெளியே எங்களை அழைக்க வரவேண்டியவர் வரவில்லை. வெள்ளை பஸ் வரும் என்று சொல்லியிருந்தார்கள். வெள்ளை பஸ் ஒன்று நின்றது. நான் வெளிநாட்டு அனுபவம் உள்ளவன் மாதிரி கையைக் காட்டி ஏறு என்றேன். உள்ளே பூராவும் வயதான சீனர்கள். எங்களைப் பார்த்ததும் சந்தோஷமாகச் சிரித்து இடம் விட்டார்கள், பிஸ்கட் கொடுத்தார்கள். ஒரு தாத்தா அக்காவின் கை தொங்குவதைப் பார்த்து, ஒரு தைல டப்பாவை எடுத்துத் தேய்த்துக்கொள் என்று ஜாடை காட்டினார். அரை மணி கழித்து பஸ் ஒரு மலைக்கோயில் வாசலில் நின்றபோதுதான் புரிந்தது, நாங்கள் யாருடைய பக்திச் சுற்றுலாவிலோ இருக்கிறோம் என்று.

"வெளிநாட்டு அனுபவம்" என்றாள் அக்கா.

"சாமி கும்புட்டுட்டுப் போலாம் வா. ஃப்ரீயா வந்தாச்சு" என்றேன்.

போன் போட்டுச் சொன்னதும் அங்கே வந்து எங்களைப் பிடித்தவர் லோகா. லோகேஸ்வரி. கூட்டத்தில் தமிழுக்கு மொழிபெயர்க்க வந்தவர், வக்கீல், என்னைவிட நாலைந்து வயது பெரியவர். அவர் தாத்தாவோ பூட்டனோ ரப்பர் தோட்டத்துக்கு வந்தவராம். தமிழ் நம் தமிழ்தான், வாசனை மட்டும் வேறு. காரைக் "காடி" என்கிறார், பேச்சுக்குப் பேச்சு "லா" போடுகிறார். வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "அக்கா, பசியாறிட்டீங்களா?" காலைச் சாப்பாட்டுக்கு அங்கே பசியாறுவது என்றே பெயர். அந்த ஒரு வார்த்தையில் அக்கா அவரோடு ஒட்டிக்கொண்டாள். மூன்று நாளும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் லோகா எங்களை ஒரு சோற்றுக் கடைக்குக் கூட்டிப்போனார். தமிழ் முஸ்லிம்கள் நடத்துகிற கடை. நாசி கண்டார் என்று பெயர். சோற்றைப் போட்டு, ஆட்டுக் குழம்பு, மீன் குழம்பு, கோழிக் குழம்பு எல்லாவற்றையும் அதன் தலையில் ஒன்றாக ஊற்றுகிறார்கள். நம் வீட்டில் அப்படி ஊற்றினால் அம்மா கரண்டியால் அடிப்பாள். இங்கே அதற்குத்தான் வரிசை. படம் எடுத்து சலீமுக்கு அனுப்பினேன். சலீம் என்னோடு டிப்ளமோ சேர்ந்தவன், என்னைப் போலவே முடிக்காதவன், இப்போது சவுதியில், தம்மாமில் ஏ.சி. மெக்கானிக். உடனே பதில் வந்தது: "ஒன் மூஞ்ச எடுத்துட்டு தட்ட மட்டும் அனுப்பு." நாளுக்கு இருபது தடவை இப்படித்தான் நாங்கள் பேசிக்கொள்வது.

ரெண்டாம் நாள் கூட்டம். ஒரு ஓட்டல் மண்டபம். கழுத்தில் அட்டை மாட்டினார்கள். அக்காவின் அட்டையில் பெயரும் நாடும். என் அட்டையில் "துணை". குளிருக்கு அக்கா சேலைத் தலைப்பைப் போர்த்திக்கொண்டாள். நான் துணை அட்டையைப் போர்த்திக்கொண்டேன்.

ஒரு வெள்ளைக்காரப் பேராசிரியர் அம்மா முதலில் பேசினார். பாதிக்கப்பட்டவர்களைப் பற்றிப் படிக்க யுனிவர்சிட்டியில் தனிப் பாடமே இருக்கிறதாம். பாதிக்கப்பட்டோரியல். லோகா காதில் சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்தது. "அக்கா, நீ ஒரு பாடம். உன்ன வெச்சு பரிட்ச வெக்கிறாங்க."

"நீ எழுதினாலும் ஃபெயிலுதான்" என்றாள்.

ஆனால் அந்த அம்மா அடுத்துச் சொன்னதில் சிரிப்பு நின்றுவிட்டது. இந்தப் படிப்பு தொடங்கின காலத்தில், பாதிக்கப்பட்டவர் என்ன தப்பு செய்தார், குற்றம் நடக்க அவர் எவ்வளவு காரணம் என்றுதான் அறிஞர்கள் சிலர் ஆராய்ந்தார்களாம். ஏன் அந்த வழியாகப் போனார், ஏன் அதைப் போட்டிருந்தார், ஏன் எதிர்த்தார். பிறகு பல பேர் சண்டை போட்டு, அது தப்பு, பாதிக்கப்பட்டவருக்கு என்ன உரிமை என்று பாருங்கள் என்று படிப்பையே திருப்பினார்களாம்.

திருப்பிவிட்டார்களாம்! எங்கள் தெரு டீக்கடைக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை. பதினோரு மாதமாக அங்கே பழைய பாடம்தான் நடக்கிறது. "விட்டிருந்தா தோளாவது மிஞ்சியிருக்கும்" என்று ஒருத்தர். "கவரிங் போட்டுக்கினு போனா என்னா" என்று ஒருத்தர். பைக்கில் வந்தவன் ஏன் வந்தான் என்று ஒருத்தராவது ஆராயட்டுமே. வடை வாங்கிக் கொடுத்தாலும் அந்த ஆராய்ச்சி நடக்காது.

பிறகு ஒவ்வொரு நாட்டுக்காரராகப் பேசினார்கள். நியூசிலாந்திலிருந்து ஓர் அம்மா. அவரை அடித்துப் போட்டவன் ஜெயிலிலிருந்து வெளியே வருவதற்கு முன்னால் அவருக்குத் தகவல் சொல்கிறார்கள். பெயரைப் பதிந்துவைத்தால் போதும். இங்கே அக்காவின் தோளை உடைத்தவன் ஜாமீனில் வந்தது எங்களுக்கு எப்படித் தெரியும் தெரியுமா? அவன் ஃப்ளெக்ஸ் பேனரில் கும்பிட்டுக்கொண்டு நின்றான். அவன் மாமா வீட்டுக் காதுகுத்து விழா.

ஜப்பான்காரர் ஒருத்தர் ரொம்ப மெல்லப் பேசினார். மகனைக் கொன்றுவிட்டார்கள். அங்கே சில பெரிய குற்றங்களில், பாதிக்கப்பட்டவர் வீட்டார் கேட்டுக்கொண்டு அனுமதி வாங்கினால், கோர்ட்டில் அரசு வக்கீல் பக்கத்திலேயே உட்காரலாமாம். குற்றவாளியைக் கேள்வியும் கேட்கலாமாம். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டாராம்: "என் மகன் கடைசியில் ஏதாவது சொன்னானா?" அதற்கு என்ன பதில் வந்தது என்று அவர் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

டீ இடைவேளையில் லோகாவிடம் சொன்னேன், "ஒங்க ஊர்ல பொறந்திருக்கலாம்."

அவர் சிரிக்கவில்லை. "இங்க மட்டும் சொர்க்கம்னு நெனைக்காதீங்க லா தம்பி. தண்டனை குடுக்கிறதுக்கு முன்னாடி பாதிக்கப்பட்டவங்க பேசலாம்னு எங்க சட்டத்துலயும் இருக்கு. ஆனா கேட்டாதான். கேக்கலாம்ங்கிறத யாரு சொல்லுவா? என் கட்சிக்காரங்க பாதிப் பேருக்குத் தெரியாது."

மூன்றாம் நாள் அக்கா பேச வேண்டும். பத்து நிமிடம். கடலூர்க் குழு எழுதிக் கொடுத்த தாளை அக்கா ஒரு பத்தி படித்தாள். பிறகு மடித்து வைத்துவிட்டாள். "இது நான் பேசுற மாரி இல்ல" என்று லோகாவிடம் சொல்லிவிட்டு அவள் பாட்டுக்குப் பேசினாள்.

பைக்கைச் சொன்னாள், ரோட்டைச் சொன்னாள், ஆஸ்பத்திரியைச் சொன்னாள். பிறகு தட்டைச் சொன்னாள். அதை நான் எதிர்பார்க்கவில்லை. நாற்காலியில் கொஞ்சம் சறுக்கி உட்கார்ந்தேன்.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம். சண்டையோ வருத்தமோ எதுவாக இருந்தாலும், பழமும் வெற்றிலையும் வைத்த தட்டோடு ஒருவர் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டால் திருப்பி அனுப்பக் கூடாது. வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்கிக்கொண்டால் பேச்சு முடிந்தது. அதற்குமேல் நீ பேசினால் நீதான் மரியாதை தெரியாதவன். பையன்களைப் பிடித்து ஒரு மாதம் இருக்கும். சேத்தியாத்தோப்புப் பக்கத்திலிருந்து ஒருத்தனுடைய மாமா வந்தார். ஊரில் பெரிய மனிதர். கூட எட்டுப் பேர். தட்டில் ஆப்பிள், வாழைப்பழம், ஸ்வீட் பாக்கெட், ஒரு சேலை. "பையன் காலேஜு படிக்கிறான்மா. தெரியாத்தனமா பண்ணிட்டான். ஒங்க தம்பி மாரி நெனச்சுக்கங்க" என்றார்.

அக்கா கட்டுப் போட்ட கையோடு உள்ளே படுத்திருந்தாள். அம்மா அழுதாள். மாமா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். யாரும் கை நீட்டவில்லை. அந்த மௌனம் எனக்குத் தாங்கவில்லை. எனக்கு எந்த மௌனமும் தாங்காது. "ஆப்பிளு காஷ்மீரா, சிம்லாவா?" என்று கேட்டுக்கொண்டே நான்தான் தட்டை வாங்கினேன். ரெண்டு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கூட வந்த ஒருத்தன் செல்போனில் படம் எடுத்தான்.

அந்தப் படம் ஸ்டேஷனுக்குப் போனது. ஒரு வாரம் கழித்து மாமா போய்க் கேட்டபோது, "அதான் ராஜி ஆயிட்டீங்களே, தட்டு வாங்கியாச்சே" என்றார்கள். நாங்களும் கேஸ் முடிந்தது என்று நம்பிவிட்டோம். ஏமாந்துகூடப் போகவில்லை, நம்பினோம். தட்டு வாங்கினால் முடிந்தது என்பது நாங்களே சொல்கிற கணக்குதானே. அதற்குப் பிறகு வீட்டில் யாரும் கேஸ் என்ற வார்த்தையை எடுக்கவில்லை. அக்காவும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அதைத்தான் அன்றைக்கு மேடையில் சொன்னாள், என் பெயரைச் சொல்லாமல். "எங்க வூட்டுல தட்டு வாங்கிட்டாங்க. கேஸு முடிஞ்சிடுச்சு. எனக்குக் கை தூக்க முடியல. அதுக்கு எங்க போய்க் கேக்கிறதுன்னு எனக்குத் தெரியல. ஒங்கள்ல யாருக்காவது தெரிஞ்சா சொல்லுங்க."

ஜப்பான்காரர் கை தூக்கினார். அவர் ஜப்பானியத்தில் கேட்டதை ஒருத்தர் ஆங்கிலத்துக்கு மாற்ற, லோகா தமிழுக்கு மாற்றினார்: "அந்தப் பழங்களை நீங்கள் சாப்பிட்டீர்களா?"

"நான் தொடல" என்றாள் அக்கா. "ஆப்பிள இவன்தான் தின்னான்."

எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். பல நாட்டுக்காரர்கள் ஒரே நேரத்தில் நம்மைப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத் தெரிந்தது. நான் துணை அட்டையைத் திருப்பி வைத்துக்கொண்டேன்.

மத்தியானச் சாப்பாட்டில் லோகா தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிடாமல் நின்றார். "அக்கா, ஒண்ணு கேக்கிறேன். கேஸை யாரு முடிச்சது?"

"அதான் சொன்னனே, தட்டு..."

"தட்டு இல்லக்கா. எந்தக் கோர்ட்டு முடிச்சது? ஒங்ககிட்ட ஏதாவது தாள் வந்துச்சா? கையெழுத்துப் போட்டீங்களா?"

அக்கா என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். இல்லை.

லோகா தட்டைக் கீழே வைத்தார். "எங்க சட்டமும் ஒங்க பழைய சட்டமும் ஒரே வெள்ளைக்காரன் தச்ச சட்டை. வழிப்பறிக்கு இங்க முன்னூத்தித் தொண்ணூத்திரெண்டு, அங்கயும் அதே நம்பர்தான் இருந்துச்சு. இப்ப நீங்க நம்பர மாத்திட்டீங்க, அவ்வளவுதான். வழிப்பறி ரெண்டு குடும்பம் பேசி முடிச்சுக்கிற கேஸே இல்லக்கா. அது ஒங்களுக்கும் அந்தப் பையனுக்கும் நடுவுல இருக்கிற சண்டை இல்ல. நீங்களே ராஜின்னு எழுதிக் குடுத்தாலும் தானா முடியாது. ஆப்பிள் சாப்பிட்டா எப்படி லா முடியும்?"

போனை எடுத்துத் தேடினார். எங்கள் நாட்டின் புதுச் சட்டத்தில் ஒரு வரியைக் காட்டினார். விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்று தொண்ணூறு நாளுக்குள் பாதிக்கப்பட்டவருக்குப் போலீஸ் தெரிவிக்க வேண்டுமாம். நியூசிலாந்தில் இல்லை, ஜப்பானில் இல்லை. எங்கள் நாட்டில். நான் ரெண்டு நாளாக வாயைப் பிளந்து கேட்டுப் பொறாமைப்பட்ட உரிமைகளில் ஒன்று எங்கள் வீட்டுப் பரணில் எங்களுக்கே தெரியாமல் கிடந்திருக்கிறது.

பிறகு லோகா அக்காவின் பையிலிருந்த எஃப்.ஐ.ஆரை வாங்கி, "ஒங்க ஊர் கோர்ட்டு கேஸெல்லாம் போன்லயே பாக்கலாம், தெரியுமா?" என்றார். எனக்குத் தெரியாது. போனில் நான் பார்க்காத விஷயமே இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான். நம்பரைத் தட்டினார். சுற்றிக்கொண்டே இருந்தது. திறந்தது.

கேஸ் உயிரோடு இருந்தது.

குற்றப்பத்திரிகை போட்டு, கோர்ட்டு எண் கொடுத்து, வாய்தா மேல் வாய்தாவாகத் தேதிகள் வரிசையாக இருந்தன. நிலை: சாட்சி விசாரணை. அடுத்த தேதி: வியாழக்கிழமை. அன்றைக்குச் செவ்வாய்.

அந்தக் கோர்ட்டு எங்கள் வீட்டிலிருந்து நடந்துபோகிற தூரம். நான் தினமும் பட்டறைக்கு அதைத் தாண்டித்தான் போகிறேன். வாசலில் நின்று கரும்புச் சாறு குடித்திருக்கிறேன். உள்ளே என் அக்காவின் கேஸைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள். இதைத் தெரிந்துகொள்ள நாங்கள் கடல் தாண்டி வந்து, சீனத் தாத்தாக்களோடு மலைக்கோயில் ஏறி, மலேசியாவில் பிறந்த ஒரு பெண் தன் சாப்பாட்டை ஆறவிட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. இதற்குக் கோபப்படாமல் வேறு எதற்குப் படுவது?

"மொத சாட்சி நீங்கதான் அக்கா" என்றார் லோகா. "நீங்க வராமலே போனா, சாட்சி இல்லன்னு விட்டுடுவாங்க. அப்ப நெஜமாவே முடிஞ்சிடும்."

அக்கா போனை வாங்கி அந்தத் தேதியை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு, "வியாழக்கெழம எத்தன மணிக்கு?" என்றாள்.

சலீமுக்கு ஐந்து நிமிடக் குரல் பதிவு அனுப்பினேன். தட்டு, படம், போன், வியாழக்கிழமை எல்லாவற்றையும் கொட்டினேன். கேட்டுவிட்டான் என்று நீலக் குறி விழுந்தது. பதில் இல்லை. ஒரு கிண்டல்கூட இல்லை. இவனெல்லாம் ஒரு நண்பனா என்று அவன் மேலும் கோபம் வந்தது.

நாலாம் நாள் பினாங்கைப் பார்க்கலாம் என்று ஒதுக்கியிருந்தார்கள். அக்கா எதையும் பார்க்கவில்லை. ஓட்டல் அறையில் உட்கார்ந்து, அன்றைக்கு நடந்ததை ஒவ்வொன்றாக என்னிடம் சொல்லிப் பார்த்தாள். பைக் எந்தப் பக்கம் வந்தது, பின்னால் இருந்தவன் எந்தக் கையால் பிடித்தான். நான் வக்கீல் மாதிரி குறுக்குக் கேள்வி கேட்டேன். மூன்றாவது கேள்வியில் அக்கா தலையணையை எறிந்தாள், இடது கையால். கிளம்பும்போது லோகா பசியாற ரொட்டி கட்டிக்கொடுத்தார். "ஜட்ஜுகிட்ட பயப்படாதீங்கக்கா. அவரு ஒங்களத்தான் கேக்கப் போறாரு" என்றார்.

வியாழக்கிழமை விடிந்து சென்னையில் இறங்கினோம். பஸ் பிடித்தோம். உளுந்தூர்ப்பேட்டைக்கு முன்னால் டயர் வெடித்தது. பினாங்கில் பஸ் தப்பாகப் போனாலும் போனது. நம் பஸ் சரியான வழியில் நின்றுவிட்டது. டிரைவர் இறங்கி டயரைப் பார்த்தார், டயரும் அவரைப் பார்த்தது. "ஸ்டெப்னி இல்லீங்க" என்றார் கண்டக்டர், ஏதோ வெற்றிலை இல்லை என்பது போல.

அக்கா ரோட்டுக்கு இறங்கி இடது கையைக் காட்டினாள். திட்டக்குடிப் பக்கம் காலி சாக்கு ஏற்றிப்போன ஒரு வேன் நின்றது. சாக்கு மூட்டைமேல் உட்கார்ந்து எங்கள் ஊருக்கு வந்தோம். கழுத்தில் கூட்டத்து அட்டையைக் கழற்ற மறந்திருந்தேன். கோர்ட்டு வாசலில் என்னைத் தடுத்த போலீஸ்காரர் அதைப் படித்துவிட்டு, "துணைன்னா என்னா போஸ்ட்டு?" என்றார்.

நாங்கள் போனில் சொல்லியிருந்ததால், மாமா டிராக்டரை விட்டுவிட்டுக் காலையிலேயே வந்து அரசு வக்கீலிடம் சொல்லி வைத்திருந்தார். அவர் அக்காவைப் பார்த்ததும் கேஸ் கட்டைப் புரட்டினார். "நீங்கதான் செல்வராணியா? சம்மன் ரெண்டு தடவ திரும்பி வந்திருக்குதேம்மா. 'ஊரில் இல்லை'ன்னு எழுதியிருக்கு."

அக்காவின் குரல் வராந்தா முழுக்கக் கேட்டது. "சார், நாலஞ்சு நாளாத்தான் நான் ஊர்ல இல்ல. பதினோரு மாசமா அதே வூட்டுலதான் கை தூக்க முடியாம உக்காந்திருக்கேன். எவன் சார் எழுதினது?"

அவர் கீழே இருந்த கையெழுத்தைப் பார்த்தார். அது யாருக்கும் புரிகிற கையெழுத்தாக இல்லை.

மத்தியானத்துக்கு முன்னால் கூப்பிட்டார்கள். அக்கா கூண்டில் ஏறினாள். நான் பின்வரிசையில் நின்றேன். சங்கிலியை இழுத்த பையன் கூட்டாளிக்குப் பக்கத்தில் புதுச் சட்டை போட்டு, முடி வெட்டி, ரொம்ப நல்ல பிள்ளையாக நின்றான். அரசு வக்கீல் கேட்டதற்கெல்லாம் அக்கா நிதானமாகச் சொன்னாள். எந்தப் பக்கம், எந்தக் கை, எவ்வளவு தூரம். அடையாளம் காட்டச் சொன்னபோது வலது கையைத் தூக்கப் போனாள், முடியவில்லை, இடது கையால் காட்டினாள்.

அவர்கள் வக்கீல் எழுந்தார். ஒரு படத்தை நீட்டினார். தட்டுப் படம்.

"பாருங்கம்மா. ஒங்க வூட்டுல சிரிச்சுக்கிட்டே தட்டு வாங்கியிருக்கீங்க. சந்தோஷமா சமாதானம் ஆன விஷயத்த இப்ப யாரோ சொல்லிக் குடுத்துதான கெளப்புறீங்க?"

அக்கா படத்தை வாங்கிப் பார்த்தாள். அப்போதுதான் அவள் முதல்முறையாக அதைப் பார்க்கிறாள். பின்வரிசைப் பக்கம் திரும்பவே இல்லை.

"சிரிச்சது என் தம்பிங்க ஐயா" என்றாள். "தோளு ஒடஞ்சது எனக்கு."

ஜட்ஜ் ஒரு நொடி நிமிர்ந்து பார்த்தார். பிறகு தட்டச்சு செய்கிற பெண்ணிடம், "அப்படியே போடுங்க" என்றார். விசைகள் தட்டுகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தில் நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அக்கா அந்த ஒரு வரியைப் பதினோரு மாதம் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறாள், என்னிடம்கூட.

முடிந்ததும் அக்கா இறங்கவில்லை. "ஐயா, ஒண்ணு கேக்கலாமா?" என்றாள். ஜட்ஜ் தலையசைத்தார். "இனிமே இந்தக் கேஸுல என்னா நடக்குதுன்னு எனக்கு யாரு சொல்லுவாங்க?"

அத்தனை கறுப்புக் கோட்டு இருந்த அறையில் அந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்ல ஆள் இல்லை. ஜட்ஜ்தான் அடுத்த தேதியை அவளிடம் நேராகச் சொன்னார். அரசு வக்கீலைப் பார்த்து, அக்காவின் போன் நம்பரைக் கேஸ் கட்டில் குறித்துக்கொள்ளச் சொன்னார். அக்கா நம்பரை ஒவ்வொரு எண்ணாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். திரும்பப் படிக்கச் சொல்லிச் சரிபார்த்தாள்.

தீர்ப்பு வரவில்லை. அவன் தண்டனை பெறுவானா, விடுபடுவானா என்று எனக்குத் தெரியாது. வெளியே கரும்புச் சாறு வாங்கிக் கொடுத்தேன். அக்கா வாங்கிக்கொண்டாள். "படத்துல நீ நல்லாவே இல்லடா" என்றாள். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். "சாறக் குடி" என்றாள். அவ்வளவுதான்.

அங்கேயே மரத்தடியில் நின்று சலீமுக்கு அனுப்பினேன்: "அக்கா கோர்ட்டுல பேசிடுச்சுடா. நீ செவ்வாக்கெழமைலேருந்து ஏன்டா ஊமையாயிட்ட?"

ரொம்ப நேரம் எழுதுவதும் நிறுத்துவதுமாக இருந்தான். பிறகு ஒரே வரி வந்தது.

"எங்கம்மாவுக்கும் ஒரு கேஸு இருந்துச்சுடா, நாங்களும் தட்டு வாங்கினோம், அது உசுரோட இருக்குதான்னு பாத்துச் சொல்றியா?"